வேலுச்சாமி அண்ணாச்சி எழுதிய பொய்

திங்கட்கிழமை காலையில் போன் அடித்தால், எங்கள் பக்கத்து ஆட்கள் அதை எடுப்பதற்கு முன்னால் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். எந்தத் திசையிலாவது புகை எழும்புகிறதா என்று. அன்றைக்கு நானும் பார்த்தேன். வானம் வெறிச்சென்று கிடந்தது. அப்புறம்தான் போனை எடுத்தேன். பேசியது வேலுச்சாமி அண்ணாச்சியின் மனைவி. நான் மதினி என்று கூப்பிடுவேன். "ஏட்டம்மா, அவுக போயிட்டாக" என்றார். அண்ணாச்சி காப்பி கேட்டிருக்கிறார். மதினி ஆற்றிக் கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டது. மாரடைப்பு. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. எந்தப் பட்டாசு ஷெட்டும் வெடிக்கவில்லை, நெஞ்சுதான் நின்றிருக்கிறது என்கிற நிம்மதி. அடுத்த நொடியே சீ என்று ஆகிவிட்டது. அவர் ஊரான மல்லாங்கிணறு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

படத்திறப்பு அன்று வாசிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் ஓய்வு பெற்ற காவலர் சங்கத்தில் கேட்டீர்கள். நல்லவர், நேர்மையானவர், கைநீட்டாதவர் என்று எழுதினால் பக்கம் தானாக நிறைந்துவிடும். அவரோடு ஸ்டேஷனில் வேலை பார்த்த உங்களுக்கு அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு அவர் பார்த்த வேலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதில் நான் மறைத்து வைத்திருக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் படத்துக்கு மாலை போடுவதற்கு முன்னால் அது வெளியே வந்தாக வேண்டும்.

அண்ணாச்சி எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றார். நான் மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். பட்டாசு சீசனில் அனுமதி இல்லாத ஷெட்டுகளும், அனுமதி இருந்தும் அளவுக்கு மீறி ஆள் வைக்கிற ஷெட்டுகளும் பெருகிவிட்டன. கண்காணிக்க ஆள் போதவில்லை என்று, ஓய்வு பெற்றவர்களில் உடம்பு தாங்குகிறவர்களைச் சிறப்புக் காவலர்களாக நியமித்தார்கள். காக்கிச்சட்டை கிடையாது. கையில் கட்ட ஒரு பட்டை, ஒரு விசில், காலவரை போட்ட ஓர் ஆணை. அந்தத் தாள் செல்லுபடியாகும் நாள்வரை ஷெட்டுக்குள் போய்ப் பார்க்கலாம், ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தலாம். சாத்தூர் பக்கம் ஒரு ரோட்டில் இருக்கிற ஷெட்டுகளை அண்ணாச்சிக்கும் எனக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஷெட்டுகளில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். தீப்பொறி கிளப்புகிற நைலான் சேலையா, மடியில் செல்போனா என்று பார்க்க ஒரு பொம்பளை வேண்டுமே, அதற்குத்தான் நான்.

பட்டாசு மருந்து அடைக்கிற அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் தலையைக் கண்டதும் மற்றவர்கள் பின்வாசல் வழியாகக் கருவேலங்காட்டுக்குள் போய்விடுவார்கள். ஒரு ஷெட்டில் அண்ணாச்சி வாசலில் கிடந்த செருப்பை எண்ணினார். பதினொரு ஜோடி. ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய காண்ட்ராக்டருக்கு மூஞ்சி செத்துப்போனது. அடுத்த வாரம் செருப்பையெல்லாம் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டான். அண்ணாச்சி அசரவில்லை. வேப்பமரத்துக் கிளையில் தொங்கிய தூக்குவாளிகளை எண்ணினார். "செருப்பை ஒளிப்பாக ஏட்டம்மா, சோத்தை ஒளிக்க மாட்டாக" என்றார். அங்கே வேலை பார்க்கிற பேச்சியம்மா காட்டுக்குள் நின்று அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை வைத்தே மற்ற பேரையும் வெளியே கூப்பிட்டுவிட்டார்.

ஆனால் அவருடைய முக்கியமான வேலை ஆள் எண்ணுவதில்லை. சனிக்கிழமை மத்தியானம் போவது. சனிக்கிழமை சம்பள நாள். எல்லாரும் அவசர அவசரமாக வேலையை முடிப்பார்கள், ஞாயிறு லீவு. அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் வெட்டவெளியில் இருக்கிற கழிவுக் குழிக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து அழிக்க வேண்டும். யாருக்கு அந்தப் பொறுமை? திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று மூலையில் வைத்துவிட்டுப் போவார்கள். மூடிய அறைக்குள் மருந்து ஒன்றரை நாள் தானாகச் சூடேறிக்கொண்டு இருக்கும். திங்கள் காலையில் யாராவது கதவைத் திறந்து பாத்திரத்தை நகர்த்துவார்கள். எங்கள் பக்கத்துத் திங்கட்கிழமைகளின் கதை இதுதான். "வேலை நடக்கும்போது எல்லாரும் வந்து பாப்பாக. வேலை முடிஞ்சப்புறம் பாக்குறதுக்குத்தான் நம்மளைய வச்சிருக்கு" என்பார். அரை நாள்கூட வீட்டில் இருக்க விடமாட்டேன் என்கிறாரே மனுஷன் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போவேன்.

நான் மறைத்து வைத்த அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அண்ணாச்சிக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது. வெயிலும் தூசியும் ஆகாது என்று கறுப்புக் கண்ணாடி மாட்டி வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் இருவர் ஆணைக்கும் அன்றுதான் கடைசி நாள். நீட்டிப்பு கையெழுத்துக்குப் போயிருந்தது, வந்து சேரவில்லை. கடைசி நாள்தானே என்று விட்டுவிட வேண்டாம், நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள் என்று போனில் சொன்னார். போனேன். செருப்பு எண்ணிய அந்த ஷெட்டில் தரையைப் பெருக்கி வைத்திருந்தார்கள். மூலையில் ஒரு அலுமினிய டப்பில் மிச்ச மருந்து. அதன் மேல் நனைத்துப் பிழிந்த சாக்கு. பேச்சியம்மாதான் மூடியிருந்தாள். வெயிலுக்குப் பத்திரமாக இருக்கட்டும் என்றாள்.

பேச்சியம்மா இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்த்துவிட்டுப் பட்டாசுக்கு வந்தவள். என் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸ்தான். அங்கே ஈரச்சாக்குதான் காவல்தெய்வம். குச்சி பற்றிக்கொண்டால் ஈரச்சாக்கை எடுத்து அமுக்குவார்கள், அணைந்துவிடும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஈரச்சாக்கைக் கண்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கெட்டிக்காரி என்று பேச்சியம்மாவை மெச்சினேன். நோட்டில் 'சரி' என்று எழுதிவிட்டுப் பஸ் ஏறினேன். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது சும்மா இருப்பதைவிடச் சீக்கிரம் சூடேறும் என்று எங்களுக்கு நடத்திய வகுப்பில் சொல்லித்தான் இருந்தார்கள். அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று தெரியவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, எல்லாம் பத்திரம், ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர், "கதவைப் பூட்டிட்டாகளா?" என்று மட்டும் கேட்டார். பூட்டியாச்சு என்றேன். "யாரும் அங்கன போகக் கூடாது. நீங்களும் போகாதீக" என்று சொல்லி வைத்துவிட்டார். ஸ்டேஷனுக்குச் சொன்னார். காண்ட்ராக்டருக்குச் சொன்னார். ஆளனுப்புகிறோம் என்று ஒரு பக்கமும், நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள் என்று இன்னொரு பக்கமும் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க, அந்த ஷெட்டுக்குத் திரும்புகிற வண்டிப்பாதையின் முக்கில், கறுப்புக் கண்ணாடியோடு வெயிலில் நின்றிருக்கிறார். ஆடு மேய்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நானும் போய்ச் சேர்ந்தேன். வேனில் பெண்கள் வந்து இறங்கியிருந்தார்கள். காண்ட்ராக்டர் கத்திக்கொண்டிருந்தான். ஆர்டர் நிற்கிறது, லோடு போக வேண்டும், வழியை விடுங்கள் என்று. அண்ணாச்சி ஆணைத்தாளை எடுத்து நீட்டினார். காலவரை எழுதியிருந்த இடத்தைக் கட்டைவிரல் மறைத்திருந்ததை நான் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் சட்டத்துக்கு ஒரு மயிரிழை அந்தப் பக்கம் போகாத மனுஷன். காண்ட்ராக்டரும் லேசுப்பட்டவன் இல்லை. "தேதி முந்தாநேத்தோட முடிஞ்சு போச்சு பெரியவரே. இன்னைக்கு நீங்களும் ஒண்ணுதான், ரோட்ல போறவரும் ஒண்ணுதான். வழியை விடுங்க" என்றான். அண்ணாச்சி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பாதை நடுவில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எம்மேல ஏறிப் போங்க" என்றார். பேச்சியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கறுப்புக் கண்ணாடியோடு சாமியார் மாதிரி இருக்கீக என்றாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் ஷெட் போய்விட்டது.

சத்தத்தை நான் எழுத மாட்டேன். கேட்டவர்களுக்குத் தெரியும். புகை கலைந்தபோது சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. வேப்பமரத்தில் இலை இல்லை. வேனில் வந்த பதினொரு பெண்களும் ரோட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கும் கீறல்கூட இல்லை. பேச்சியம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தானே மூடுனேன், நாந்தானே மூடுனேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பத்து நாளில் அண்ணாச்சிக்கு ஒரு மெமோ வந்தது. காலாவதியான ஆணையைக் காட்டி வேலையைத் தடுத்தது ஏன் என்று ஒரு கேள்வி. சனிக்கிழமை ஆய்வில் மிச்ச மருந்தை அனுமதித்தது யார் என்று இன்னொரு கேள்வி. என் நோட்டை யாரும் இன்னும் கேட்கவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து விளக்கக் கடிதத்தை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். சனிக்கிழமை ஆய்வுக்குப் போனது தான்தான் என்றும், கண் அறுவை செய்திருந்ததால் சரியாகப் பார்க்கத் தவறிவிட்டதாகவும் எழுதியிருந்தார். ஏன் அண்ணாச்சி என்று மட்டும் கேட்டேன்.

"உங்களைய எடுத்துட்டா, அந்தப் பொம்பளையாளுககிட்டப் பேச யாரு இருக்கா? புதுசா வாற ஆளுக்குப் பயம் இருக்காது. ஒருவாட்டி தப்புப் பண்ணுனவுகதான் அங்கன நிக்கணும். நீங்க நில்லுங்க" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மதினி கொண்டுவந்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: பஸ்ஸில் ஏறியபோது எனக்கு ஆசுவாசமாக இருந்தது. நீட்டிப்பு ஆணை வந்தது. அதில் என் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. உடல்தகுதி இல்லை என்று எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் வந்தால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பாராம். மதினி அழுதுகொண்டே சொன்னார். அந்தத் திங்கட்கிழமை கழிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அவர் போய்விட்டார்.

உங்களில் சிலர் துட்டி கேட்க வந்த சாவு வீட்டிலேயே பேசியது என் காதில் விழுந்தது. கடைசிக் காலத்தில் கண் மங்கிக் கோட்டைவிட்டுவிட்டார், பாவம் என்றீர்கள். இல்லை. அவர் கோட்டைவிடவில்லை. அந்தச் சனிக்கிழமை போனது நான். 'சரி' என்று எழுதியது நான். என் நோட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, நடந்ததை எழுதி, ஆணை கொடுத்த அலுவலகத்துக்கு இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். என்னை எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர் எதற்காகப் பொய் எழுதினாரோ, அதை நான் கெடுத்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பெயரில் அந்தப் பழி கிடக்கும்போது, அவர் நிற்கச் சொன்ன இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

அதே காண்ட்ராக்டர், இடிந்த ஷெட்டுக்கு இரண்டு புஞ்சைக்காடு தள்ளிப் புது ஷெட் போட்டிருக்கிறான். தீபாவளி நெருங்குகிறது, ஆள் இரட்டிப்பாகிவிட்டது. பேச்சியம்மா வேறு வழியில்லாமல் அங்கேயே போகிறாள். போன சனிக்கிழமை நான் போனபோது, மிச்சம் ஒன்றும் இல்லை என்று கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்கள். பேச்சியம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தேடினேன். பின்னால், கட்டிவைத்த அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் மிச்ச மருந்து இருந்தது. குழிக்குக் கொண்டுபோய் எரிக்க வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், பயம்தான். அவர் எனக்கென்று பார்த்து விட்டுப்போனது அது. தைரியம் சொல்லித் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பயத்தை நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. என் கடிதம் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை என் ஆணை செல்லும். இப்போது மணி இரண்டு. மூன்று மணிக்கு ஷெட்டைப் பெருக்க ஆரம்பித்துவிடுவார்கள், அதற்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும்.