நோகாமல் இல்லை என்பது

பொம்மனஹள்ளியில் ஒரு ஆபீசில் எனக்கு இங்கிலீஷைத் துலக்கும் வேலை. எங்கள் ஆட்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு எழுதும் பதில்களை, அந்த ஊர்க்காரரே எழுதியதுபோல் மாற்றித் தரவேண்டும். ‘ரெஸ்பெக்டட் சார்’ போகும், ‘கைண்ட்லி’ போகும். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லக் கூடாது. முதலில் நன்றி, பிறகு ஒரு பாராட்டு, நடுவில் பூசி மெழுகிய மறுப்பு, கடைசியில் வாழ்த்து. ஒன்பது வருஷமாக இந்தக் கூத்துதான்.

என் தம்பிக்கு விவேக்நகர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்கு விண்ணப்பம் எழுதி என்னிடம் காட்டினான். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் உழைத்து நுரையீரல் கெட்டுப்போன அப்பாவை மூன்று வருஷம் அவன்தான் பார்த்துக்கொண்டான். அவரைத் தூக்கிப்போய் வெயிலில் உட்காரவைத்தது, மலம் அள்ளியது, கடைசி வாய்த் தண்ணீர் ஊற்றியது எல்லாம் அப்படியே எழுதியிருந்தான். இங்கிலீஷ் மட்டும் தட்டுத் தடுமாறியது. நான் பெரிய மேதாவி. அத்தனையையும் அடித்துவிட்டு, சேவையில் அவனுக்குள்ள ஆர்வம் பற்றி வழவழவென்று நாலு வரி எழுதிக்கொடுத்தேன். அந்த ஊரில் பிறந்தவன்கூடக் குறை சொல்ல முடியாது.

வீடியோவில் நேர்காணல் நடந்தது. அந்த நாலு வரியைப் பற்றித்தான் கேட்டார்களாம். தம்பி திருதிருவென்று விழித்துவிட்டு வந்தான்.

“நான் எழுதினத கேட்டிருந்தா சொல்லிட்டிருப்பேன்கா,” என்றான். குரலில் கோபமே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. என் கையாலேயே அவனைக் கெடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. நான் ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போனை நீட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. நேரம் ஒதுக்கியதற்கு மிக்க நன்றி, உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி, உங்கள் எதிர்காலம் சிறக்கட்டும். நடுவில், இந்த முறை வேறு வழியில் செல்லத் தீர்மானித்திருக்கிறோம் என்று ஒரு வரி.

எவ்வளவு நல்லா எழுதியிருக்கிறார்கள் பார், எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டான்.

இதே கடிதத்தை அன்று மட்டும் மூன்று பேருக்கு நான் எழுதியிருந்தேன். வேலை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

அவன் போனை வாங்கி, முதலிலிருந்து வரி வரியாக விரலை வைத்துப் படித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“எங்கேக்கா அப்டி எழுதிகீது?”