கண்ணாடித் தொட்டியில் கோழிக்கோட்டுக் கடல்

கடல் தண்ணீர் வற்றாது என்று ஆறு மாதம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கடலையே பார்க்காத ஊரில் அப்படிச் சொல்பவனை யார் மறுக்கப் போகிறார்கள்? மறுக்கத் தெரிந்த ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள். அது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்தி, சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ். ரயில்வேக்காரர்கள் கூடும் இன்ஸ்டிட்யூட்டுக்கு வரும் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், கடல் மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது பற்றி இரண்டு பக்கம் படித்தேன். மூன்றாவது பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தவனுக்கு இரண்டு பக்கம் போதாதா என்ன?

தொட்டி கிடைத்தது தந்தி அறையில். பேட்டரிக்கு வைத்திருந்த சதுரக் கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழித்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கும். சாம்பல் போட்டு ஒரு மாதம் கழுவினேன். கோழிக்கோட்டு மெயிலில் லக்கேஜ் வண்டிக் குமாஸ்தாவாக வரும் மலபார்க்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஊறுகாய் ஜாடிகளில் கடல் தண்ணீரும், கொஞ்சம் மணலும், விரல் நீளத்தில் புள்ளி போட்ட ஒரு பாறை மீனும், சங்குக்குள் குடியிருக்கும் ஒரு நண்டும் கொண்டுவந்து கொடுத்தார். "நல்ல தண்ணி மட்டும் படாம பாத்துக்கோங்க, பட்டா போச்சு" என்றார். பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

என் மனைவி திருச்செங்கோட்டுப் பக்கம். மானாவாரிக் காடும் ஒரு கிணறும் உள்ள குடும்பம். எங்களுக்கு முதலில் பிறந்த பெண் நாற்பது நாள்தான் இருந்தாள். அதற்குப் பிறகு என் மனைவி வேண்டிய பேச்சை மட்டும் பேசுவாள். சோறு ஆச்சுங்க, விறகு தீந்துருச்சுங்க, அவ்வளவுதான். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் மீன் வாங்கினேன் என்று பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஆபீசில் நாலு பேர் மெச்ச வேண்டும் என்றுதான் வாங்கினேன். துணை தானாக வந்து சேர்ந்தது.

காப்பி ஆற்றுவது போல, கொட்டாங்குச்சி அகப்பையில் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து விடுவாள். மீனுக்குக் காற்று வேண்டும் என்று பத்திரிகையில் படித்து நான் சொன்ன வேலை அது. ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே குரல் கேட்டது. "ஏஞ்சாமி, இன்னைக்கு மொகம் வாடிக் கெடக்குது? வெயிலு தாங்கலயா?" யாரோ குழந்தையோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அவளும் தொட்டியும்தான். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு காரியம் செய்தாள். குழம்புக்கு உப்புப் பார்ப்பது போல விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, தண்ணி அரை விரக்கடை எறங்கிருச்சுங்க. உப்பும் ஏறியிருக்குது. நல்ல தண்ணி கொஞ்சம் ஊத்தோணுமுங்க."

"நல்ல தண்ணி பட்டா செத்துப்போகும்னு அச்சுலயே போட்டிருக்குது."

"எங்க கெணறு கோடையில வத்த வத்தக் கரிக்குமுங்க. ஐப்பசியில மழை பேஞ்சு ஊறுனா நல்லாயிரும். அது மாதரதானுங்களே இதுவும்?"

"கெணறும் கடலும் ஒண்ணா, அம்மிணி?" என்று சிரித்தேன்.

மறுநாள் பார்த்தால் தொட்டிக்கு வெளியே, தண்ணீர் மட்டத்துக்கு நேராக, மஞ்சளைக் குழைத்து ஒரு கோடு போட்டிருந்தாள். புதுப் பாத்திரத்துக்குப் பெண்கள் மஞ்சள் வைப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு தண்ணீர் அந்தக் கோட்டை விட்டு இறங்கவே இல்லை. கடல் தண்ணீர் வற்றாது என்று நான் கண்டுபிடித்தது அப்போதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு செம்பு பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, மலபார்க்காரர் கொண்டுவரும் புதுத் தண்ணீரை ஊற்றுவேன். மீன் கொழுத்தது. நண்டு பழைய சங்கைக் கழித்துப் பெரிய சங்குக்கு மாறிற்று. எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம், எங்கள் பெரிய குமாஸ்தாவையும் இன்னும் இரண்டு பேரையும் மீன் பார்க்க அழைத்து வந்தேன். வழியெல்லாம் வற்றாத கடலின் பெருமை. உள்ளே நுழைந்தபோது என் மனைவி குடிதண்ணீர்ப் பானையிலிருந்து செம்பில் மொண்டு, தொட்டியின் ஓரமாக, கோட்டைப் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பெரிய குமாஸ்தா சிரித்துவிட்டார். "வத்தாத கடலுக்கு வாய்க்கால் இங்கிருந்துதான் வருதா?" என்றார்.

அவர் சிரித்தது என்னைத்தான். நான் திருப்பிக் கடித்தது அவளை. "பட்டிக்காட்டுப் புத்தியக் காட்டிட்டயே. இத்தனை நாளா விஷம் வெச்சுட்டு இருந்தயா? இனி இதுக்குப் பக்கத்துல வராதே" என்று மூன்று பேர் முன்னால் சொன்னேன். செம்பைப் பிடுங்கினேன். பாதித் தண்ணீர் அவள் சேலையில் கொட்டியது.

"சரிங்க" என்றாள்.

ஆறு மாதம் விஷம் குடித்த மீன் எப்படிக் கொழுத்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அகப்பையை நானே எடுத்துக்கொண்டேன். தொட்டிமேல் பலகை போட்டு மூடினேன். சித்திரை வெயிலில் தண்ணீர் மளமளவென்று இறங்கிற்று. இத்தனை நாள் வற்றாதது இப்போது ஏன் வற்றுகிறது? அவள் ஊற்றிய தண்ணீர் கடலைக் கெடுத்துவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். கோடு வரைக்கும் கடல் தண்ணீரையே ஊற்றினேன். பழையதை எடுப்பதையும் நிறுத்திவிட்டேன். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அசல் கடல் என்பதற்கு அத்தாட்சியாக அதை ஆபீசில் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் நண்டு சங்கைவிட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் மீன் ஒருக்களித்து மிதந்தது. அந்த ஒரு மாதமும் அவள் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. அடுப்படியில் இருந்தபடியே இரண்டு தரம் என்னைக் கேட்டாள், "சாமி தின்னுச்சுங்களா?" என்று. இரண்டு தரமும் தின்றது என்றேன். தின்னவில்லை.

"நீ ஊத்துன தண்ணிதான் கொன்னது" என்று சொன்னேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் சொன்னேன். அவள் மீனை வாழையிலைக் கிழிசலில் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் புதைத்தாள். திரும்பி வந்து, கண்ணாடியில் இருந்த மஞ்சள் கோட்டை முந்தானையால் துடைத்தாள். அன்றிலிருந்து பழைய கதைதான். சோறு ஆச்சுங்க, விறகு தீந்துருச்சுங்க. பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அவர்களோடு பேசினாள், கொஞ்சினாள். என்னிடம் எது பற்றிக் கேட்டாலும், "உங்குளுக்குத் தெரியாததுங்களா" என்பாள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

யுத்தம் முடியும் தறுவாயில் கூட வேலை பார்த்தவரின் மகள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனேன். மனைவிக்கும் ரயில்வே பாஸ் உண்டு, கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. ஊர் நெருங்கும்போது ரயில் ஜன்னலுக்கு வெளியே பாத்தி பாத்தியாக உப்பளம். ஒரு பாத்தியில் தண்ணீர், அடுத்ததில் பாதித் தண்ணீர், அதற்கடுத்ததில் வெறும் உப்பு. தண்ணீர்தான் போகிறது, உப்பு எங்கேயும் போவதில்லை. சின்னக் குழந்தைக்கும் விளங்கும். எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. விளிம்பில் பூத்த வெள்ளையும், மஞ்சள் கோடும், சேலை நனைந்து நின்றவளும் எல்லாமே ஒன்றாக நினைவுக்கு வந்தன.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"அந்த மீனு நீ ஊத்துன தண்ணியில சாகல. நான் ஊத்துனதுலதான் செத்துது" என்றேன்.

"ஆமாங்க" என்றாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா இத்தனை வருசம் பழியச் சுமந்துட்டு இருந்தே? எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

அவள் நாரை உரித்துப் போட்டுவிட்டு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னனுங்களே" என்றாள். "மொத வாரமே சொன்னனே."