ராகு காலம் பார்த்துத் தொலைத்த இரண்டெழுத்து

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆபீஸ் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பிக்க நான் காலண்டரில் நல்ல நேரம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, ராகு காலம் கழியட்டும் என்று பன்னிரண்டு மணிவரை காத்திருந்து பொத்தானை அமுக்கினேன். ராகுவைப் பார்த்தவன் பழைய கோப்புகளை நகலெடுத்து வைக்கப் பார்க்கவில்லை.

மலேசியாவின் ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிவரும் பஸ்ஸுக்குப் பட்டியல் போடுவது என் வேலை. யார் எந்த ஷிப்ட், எந்த இடத்தில் ஏறுவார் என்பதெல்லாம் தினமும் மாறும். அதற்காக ஆறு வருடங்களுக்கு முன் நாலு வரி நீளத்தில் ஒரு கட்டளை எழுதி, இரண்டே எழுத்தில் சுருக்கி வைத்திருந்தேன். கறுப்புத் திரையில் அதைத் தட்டினால் போதும். அம்பாங் பெச்சா நிறுத்தத்தில் யார், ராசா நிறுத்தத்தில் யார் என்று பிரித்து அச்சாகி வந்துவிடும். அந்த நாலு வரியை என் மூளை எப்போதோ கழுவித் துடைத்துவிட்டிருந்தது.

ஒன்றேகாலுக்குத் தட்டினேன். அப்படியொரு கட்டளையே இல்லை என்றது திரை. திறக்காத பூட்டை உலுக்குவதுபோல அழுத்தித் தட்டினேன். அப்போதும் இல்லை. புதுப்பித்ததில் இரண்டெழுத்தும் அதற்குள்ளிருந்த நாலு வரியும் சேர்ந்தே அழிந்திருந்தன.

ஒன்றரைக்கு பஸ் கிளம்பாவிட்டால் இருபது பேர் மூன்று மணி ஷிப்டுக்கு வந்து சேர மாட்டார்கள். வேலைக்கு வரவில்லை என்று அவர்கள் பெயரில்தான் விழும், என் பெயரில் அல்ல. அன்றைக்கென்று டிரைவரும் புதியவர்.

"பாஸ், லிஸ்ட்டு?"

"ரெண்டு நிமிஷம், அண்ணே."

"இதத்தான் பத்து நிமிஷமா சொல்றீங்க. பேசாம கையில எழுதிக் குடுங்க லா."

கையால் எழுத முந்நூறு பெயர்களைத் துழாவ வேண்டும். ஐந்து பேர்வரை வந்தேன். அதில் ஒருவர் போன மாதமே வேலையை விட்டவர்.

அப்போதுதான் பக்கத்து மேசையில் வேலை பார்த்து, கல்யாணமாகி ஜெராமுக்குப் போன பெண்ணின் நினைவு வந்தது. அந்த நாலு வரியையும் பிசகாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தவள். "என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிற? ரெண்டெழுத்து இருக்கிறப்ப நோட்டு எதுக்கு? தூக்கிக் குப்பையில போடு" என்று ஆபீசே சிரிக்கும்படி கிண்டலடித்தவன் நான்தான்.

மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவளுக்கு போன் போட்டேன். நலம் விசாரித்தேன். மாமியாரின் முழங்கால் வலியைக்கூட விசாரித்தேன். வெளியே பஸ் ஹார்ன் அடித்தது.

"அந்த நோட்டு இன்னும் இருக்காம்மா?" என்றேன்.

"நீங்க சொன்ன அன்னிக்கே போட்டுட்டேன், அண்ணே."