இரண்டு நாற்காலி காலியான வகுப்பு

என் தம்பி மகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருந்தவள். முப்பது தாண்டிய பிறகு உளப்பகுப்பாய்வு படிக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. வந்த ஆள் படுத்துக்கொண்டு வாயில் வந்ததைப் பேச வேண்டும், வைத்தியர் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதுதான் வைத்தியம். வைத்தியராக ஆசைப்பட்டால் முதலில் தானே வருஷக்கணக்கில் போய்ப் படுத்துப் பேச வேண்டுமாம்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். “படுத்துக்கிட்டு உளர்றதுக்கு ஒரு படிப்பா? வேற ஏதாவது படி ஜட்ஜம்மா.”

அவன் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவன். பாதி நாள் வண்டியில், பாதி நாள் வீட்டில். ஓய்வு பெற்ற பிறகும் ஏதோ கிடங்கில் மேற்பார்வை வேலை என்று வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கினான். மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. சின்ன வயதிலேயே எல்லாரையும் நிற்க வைத்து விசாரிப்பாள், அதனால் ஜட்ஜம்மா என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

படிப்பில் வாரம் ஒரு வகுப்பு. ஒரு மாணவர் தன்னிடம் வரும் நோயாளியின் கதையைப் பேர், தொழில், முகவரி எல்லாம் மாற்றிச் சொல்லுவார். மற்றவர்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. கதையில் வரும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் உடனே எழுந்து வெளியே போய்விட வேண்டும். காரணம் சொல்லக் கூடாது.

“ஏண்டி, எழுந்தாலே மத்தவங்களுக்கு விளங்கிடாதா?” என்று கேட்டேன்.

“விளங்கும் அத்தை. ஆனா கேட்க மாட்டாங்க. நாமளும் வெளியில மூச்சு விடக் கூடாது. விட்டா படிப்பு போச்சு.”

கடைசி வருஷம், மழைக்காலம். கதை சொன்னவன் நகரத்தின் மறுகோடியில் இலவச மருத்துவமனையில் பயிற்சி செய்கிற பையன். நோயாளி வயதானவர், தூக்கமில்லை. இரண்டு குடும்பம், ஒன்றுக்கு இன்னொன்று தெரியாது. வாய் தவறிவிடுமோ என்று இரண்டு மகள்களுக்கும் ஒரே செல்லப்பேர் வைத்திருக்கிறார். கனவில் அந்தப் பேரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார், இரண்டு கதவு திறக்கிறது. கனவை மாற்றினால் வைத்தியம் கெட்டுவிடும் என்று பையன் பேரை அப்படியே சொல்லிவிட்டான்.

“ஜட்ஜம்மா.”

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்ததாம். ஆனாலும் விதியை நினைத்து எழுந்தாள். அதே நொடியில் பக்கத்து நாற்காலியும் கிறீச்சிட்டது.

பக்கத்து நாற்காலிக்காரி இவளுக்கு உயிர்த்தோழி. ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். இருவரும் நடையில் தண்ணீர்க் குழாயருகே போய் நின்றார்கள். அவள் டம்ளரைப் பிடித்தாள், தண்ணீர் நிரம்பிக் கையெல்லாம் வழிந்தது, குழாயை மூடத் தோன்றவில்லை. இவள் அவளுடைய காதைப் பார்த்தாள். கன்னத்தோடு ஒட்டின காது. எங்கள் வம்சத்துக் காது.

“நீயுமா?” என்றாள் அவள்.

“பேசாதே” என்றாள் இவள். “ஒரு வார்த்தை பேசினாலும் ரெண்டு பேருக்கும் படிப்பு இல்லே.”

பேசாமல் பஸ் ஏறினார்கள். இவள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மாசக்கணக்கில் அப்படியே சாப்பிட்டாள். இளைத்துப்போனாள். படிப்புச் சுமை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

கோடையில் ஒரு மத்தியானம் தம்பி எங்களைக் கூடத்தில் உட்கார வைத்தான்.

“அக்கா, எனக்கு இன்னொரு வீடு இருக்கு.”

“எங்கடா வாங்கினே? சொல்லவே இல்லையே!”

“வாங்கலே அக்கா. அங்கே ஒரு பொண்டாட்டி, ஒரு பொண்ணு.”

ஏழு தலைமுறைக்கு யாருக்கு யார் என்ன முறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறவள் நான். கூடப் பிறந்தவன் மரத்தில் ஒரு கிளை முப்பது வருஷமாகத் தழைத்திருக்கிறது, என் கண்ணில் படவில்லை. இரண்டு மகளும் ஒரே படிப்பில் சேர்ந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிருக்கிறது. அவர்கள் படிப்பு என்ன என்பதை மட்டும் வைத்தியப் பையனிடம்கூட மறைத்திருக்கிறான். பேசப் பேசத்தான் வீட்டில் சொல்லத் துணிவு வந்ததாம்.

அவன் மனைவி அழவில்லை. மகளையே பார்த்தாள். மகள் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“தெரியும்மா.”

“எப்படி?”

“சொல்லக் கூடாது.”

“என் கதைதானே, சொல்லு” என்று தம்பி தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பிறகுதான் வகுப்பில் நடந்ததை வாய் திறந்தாள்.

“அந்தாளு திருடன், மறைப்பான்” என்றாள் தாய். “நீ என் வயித்துல பொறந்தவ. இத்தனை மாசமா என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டியேடி!”

“சொல்லியிருந்தா என் படிப்பு போயிருக்கும்மா.”

“போனா போகட்டுமே!”

கட்டினவன் செய்த துரோகத்தைவிட மகள் வாய் மூடியிருந்தது அவளுக்குப் பெரிதாகப் போயிற்று. நான் அதிர்ந்தது அங்கேதான். புருஷனிடம் சண்டை போடுகிறாள், சாபம் கொடுக்கிறாள், ஆனால் பேசுகிறாள்.

மகள் படிப்பில் தேறிவிட்டாள். தனி அறை வைத்திருக்கிறாள். யார் யாரோ வந்து படுத்து, பெற்ற தாயிடம் சொல்லாததையெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒன்றும் வெளியே வராது என்று பேர் வாங்கிவிட்டாள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே தாய் என் பக்கம் திரும்பிச் சொல்லுவாள்: “அண்ணி, சாப்பாடு ஆறுதுன்னு உங்க மருமககிட்ட சொல்லுங்க.”

“கேட்டுச்சுன்னு சொல்லுங்க அத்தை” என்பாள் இவள்.