எங்களுக்கு முதுகு காட்டிய சூரியகாந்தி

நீலக் கட்டம் போட்ட சாரத்துண்டு ஒன்று என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. வெயிலில் சாயம் போய், ஓரத்தில் நூல் பிரிந்த துணி. எடுக்கும்போதெல்லாம் முகம் சுடுகிறது.

சுவிட்சர்லாந்தின் வில் நகரில் மாமா எங்களுக்குப் பக்கத்து வீடு. இரண்டு சின்னத் தோட்டங்களுக்கும் நடுவே இடுப்பளவு வேலி. மாமா அம்மாவின் ஒரே தம்பி. தன் மகளின் கலியாணத்தை அவர் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார். "பக்கத்து வீடு! வந்து ஒரு வார்த்தை சொல்லக் கால் வரேல்லையோ?" என்ற அம்மா கலியாணத்துக்குப் போகவில்லை, எங்களையும் விடவில்லை. அன்றிலிருந்து கோபம். எங்கள் ஆட்களிடம் கோபம் என்றால் கதை பேச்சு இல்லை என்று அர்த்தம்.

"அவன்ர மூஞ்சை தெரியாமல் உயரமா ஏதும் நடு பிள்ளை" என்றார் அம்மா. எனக்கு அது போதும். பரீட்சைப் படிப்பை மூடிவைத்துவிட்டு இணையத்தைக் கிண்டினேன். ஆளுயரத்தைத் தாண்டும், குளிரில் பட்டுப்போனாலும் வேரிலிருந்து மறுபடி முளைக்கும் சூரியகாந்தி; நாட்டுச்செடி என்றும் போட்டிருந்தது. "நாட்டுச்செடி அம்மா!" "எந்த நாட்டுச்செடி?" எழுதியவர் அமெரிக்கர் என்பதை நட்டபிறகுதான் கவனித்தேன்.

மூன்றாம் வருடம் அது மதிலாக எழுந்தது. பூத்ததோ முழுக்க வெயில் வரும் பக்கம், மாமாவின் பக்கம். எங்களுக்குப் பச்சை முதுகுகள்தான். "உன்ர செடியும் அவையோட சேந்திட்டுது" என்றார் அம்மா.

அந்த மாதம் நாங்கள் ஃப்ரிபூர்க் நகருக்குப் போயிருந்தபோது புயல் அடித்தது. திரும்பிவந்தால், முறிந்து கிடக்கவேண்டிய தண்டுகள் தடியோடு சேர்த்துக் கட்டுண்டு நிமிர்ந்து நின்றன. மாமா தான் இடுப்பில் உடுத்தும் சாரத்தைக் கிழித்துக் கட்டியிருந்தார். முடிச்சுகள் எங்கள் பக்கம். அம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "வந்திருக்கிறான்" என்றார்.

பூக்களை வெட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினோம்.

"ஏன் அக்கா வெட்டினனீங்கள்? நாங்கள்தானே இதைப் பாக்கிறனாங்கள்!" மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "கலியாண அல்பத்தை எடடா" என்றார். படத்தில் மாமி முறைக்கு அம்மா நிற்கவேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் ஆலாத்தித் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கத்தைத் தாண்டிப் புரட்டவே இல்லை. மறைப்பு நட்டவள் நான்.

மாமா இப்போது மகளோடு பாடன் நகரில் இருக்கிறார். பூக்காலம் வந்தால் நான் படம் அனுப்புவதில்லை. பூவை வெட்டி, இந்தச் சாரத்துண்டால் கட்டி, ரயிலேறிக் கொண்டுபோகிறேன். கதவைத் திறந்ததும் மாமா, அம்மாவிடம் கேட்டறிந்ததை வைத்துக் கேலியாக, "எந்த நாட்டுச்செடி பிள்ளை?" என்பார். பூவெல்லாம் அவரைப் பார்த்தபடி இருக்கும். நான் மட்டும் கால்மிதியைப் பார்த்தபடி நிற்பேன்.