அஞ்சாவது ஒயரு

எங்க ஊட்டுக்காரர் வீரராகவன் ஒரு பயந்தாங்கொள்ளி. பருத்திப்பட்டு ஆளு, ரயில்வேல சேந்து இருவத்தாறு வருசமா சிக்னல் ரிப்பேர் பாக்குறாரு. ரோட்ட தாண்டறதுக்கே நாலு வாட்டி திரும்பிப் பாப்பாரு. கல்யாணமான புதுசுல அவரு கூட நடந்தாலே எனக்கு மானம் போவும்.

அந்த பயம் எங்கேந்து வந்துச்சுனு அப்புறம்தான் தெரிஞ்சுது. சிக்னல் ரூம்ல சோதனை பண்றச்சே ரெண்டு முனைக்கு நடுவுல ஒரு குட்டி ஒயர சொருவுவாங்களாம். வேலை முடிஞ்சதும் உருவிடணும். மறந்துட்டா, தண்டவாளத்துல வண்டி நின்னுகினு இருந்தாலும் சிக்னலுக்குத் தெரியாது. பின்னாடி வர்ற வண்டிக்குப் பச்சை காட்டிடும். அதனால அவருகிட்ட சரியா அஞ்சு ஒயரு. அடையாளத்துக்கு முனையில என் நெயில் பாலிஷ தடவி வெச்சிருப்பாரு. காலையில ஊட்ல எண்ணுவாரு, வேலை முடிச்சு மறுபடி எண்ணுவாரு. கூட இருக்குறவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போவட்டும்னு எண்ணுவாரு.

போன மாசம் ஒரு நாள் அப்பிடி எண்ணி பையில போட்டுட்டு குளிக்கப் போனாரு. எங்க பொண்ணு கிருஷ்ணப்பிரியாவோட டிபன் கேரியர்ல கொக்கி ஒடஞ்சுகீது. ஆபீசுக்கு லேட்டுனு அது குதிக்குது. நான் அவரு பையில கைய வுட்டு, ஆப்புட்ட ஒயர எடுத்து கேரியர இறுக்கிக் கட்டி அனுப்பிட்டேன். அவருகிட்ட சொல்ல மறந்தே போச்சு.

சாயந்தரம் ஆறு மணிக்கு பொண்ணு போன் பண்ணுச்சு. வர்ற வழியில வண்டிய நிறுத்தி வெச்சுகீறாங்களாம், ஏதோ சிக்னல் கோளாறாம், கூட்டத்துல மூச்சு முட்டுதாம். நானும் ரயில்வேய வாய்க்கு வந்தபடி திட்டினேன். போன வெச்சப்புறம்தான் சுருக்குனு பட்டுது. அந்த ஒயரு! அவருக்குப் போட்டேன், எடுக்கல. மூணு வாட்டி போட்டும் எடுக்கல.

அங்க நடந்தது பின்னால தெரிஞ்சுது. அவரு வேலை முடிச்சு எண்ணினா நாலுதான் கீது. நேரா ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்னஸ் மேடத்துகிட்ட ஓடி, எல்லா வண்டியையும் நிறுத்த சொல்லிகீறாரு.

"நிச்சயமா உள்ளதான் இருக்கா வீரராகவன்?"

"தெரியல மேடம். அதனாலதான் நிறுத்த சொல்றேன்."

அந்தம்மா வேற பேச்சு பேசாம நிறுத்திட்டாங்க. இவரு சிக்னல் ரூம்ல டார்ச் அடிச்சுகினு, ஒயரு சொருவுற ஒவ்வொரு பலகையா தேடினாராம். பிளாட்பாரத்துல ஜனங்க கத்துறது உள்ள வரைக்கும் கேட்டுச்சாம்.

ஆறே முக்காலுக்கு அவரே கூப்ட்டாரு. ஒயரு கெடச்சுட்டுதாம், பாலிஷ் மட்டும் உரிஞ்சு போச்சாம், வண்டிய வுடச் சொல்லப் போறாராம்.

"இன்னாங்க, கொஞ்சம் இருங்க,"ன்னேன். "ஒங்க ஒயரு பொண்ணு கேரியர்ல கீது. நான்தான் கட்டினேன்."

திட்டுவாருன்னு பயந்தேன். அவரு திட்டல.

"அப்போ என் கையில கீறது யார்து, வடிவு?"

எத்தினி மாசமா அது அங்க சொருவி இருந்துச்சோ தெரியல. என் பொண்ணு தெனிக்கும் அந்த லைன்லதான் போய் வருது.