அணைக்காமல் போன சுவிட்ச்

வெளியே கிளம்பினால் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது என் வழக்கம். அன்று அது முடியவில்லை. ஆட்டோ இடித்து மகள் விழுந்துவிட்டாள் என்று போன் வந்ததும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடினேன். தயிர் வாங்கி வா என்று அவளை ஸ்கூட்டரில் அனுப்பியது நான்தான்.

இரண்டு நாள் கழித்து, காலையில், ராயப்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தேன். மாடிப்படியில் வாட்ச்மேன்.

"ஒம்போது மணிக்கு கரண்ட் கட்டும்மா. சாயங்காலம்தான் வரும். அதான் மோட்டார் போட்டுக்கினு கீறேன். பாப்பாவுக்கு இன்னா சொன்னாங்கோ?"

"இன்னைக்கு ஆபரேஷன்."

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கிடாரில் தந்திகளை அழுத்துகிற கை. பிளேட் வைப்பார்கள், விரல்கள் பழையபடி ஓடுமா என்பதை டாக்டர் இப்போது சொல்ல மாட்டேன் என்றார்.

அவள் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தரையில் கிடார் சத்தத்தை மாற்றித் தருகிற எஃபெக்ட்ஸ் பெட்டி, பச்சை விளக்கோடு. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பெட்டியின் சுவிட்சுக்குக் குனிந்தபோது வீடியோ கால் வந்தது. அவள் அப்பா போனைப் பிடித்திருந்தார்.

"அம்மா, பெட்டி ஆன்ல இருக்கா?"

"இருக்குடி. அணைக்கப் போறேன்."

"ஐயோ, கைய எடு! அன்னைக்கு வாசிச்சது அதுக்குள்ள இருக்கு. அணைச்சா அழிஞ்சிடும்."

ஒரு மாதமாக அவள் தேடிக்கொண்டிருந்த மெட்டு அன்றுதான் பிடிபட்டதாம். மணி எட்டு நாற்பது. கரண்ட் கட்டைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"லேப்டாப்ல ஏத்திடு. ப்ரிண்டர் வயரே போதும். சதுரமா இருக்கற முனை பெட்டிக்குப் பின்னாடி."

அவள் லேப்டாப்பைத் திறந்து, அவசரத்தில் வயரைத் தலைகீழாகச் செருகினேன். பிறகு நுழைந்தது. ரெக்கார்டிங் திரையில் மட்டும் கோடு அசையவே இல்லை.

"இன்புட்ல மைக்னு இருக்கும், அதை மாத்து. பெட்டி பேரு வருதா? சிவப்பு பட்டனை அமுக்கு. இப்ப பெட்டியில இடது பெடலை ஒரு தடவை மிதி, வாசிச்சது திரும்பத் திரும்ப வரும். தப்பா வலதை மிதிச்சா எல்லாம் போச்சு."

"எனக்கு இடதா, உனக்கு இடதா?"

"பெடலுக்கு ஏதும்மா எனக்கு உனக்கு! செருப்பு போடற இடது."

இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் காலை நம்பாமல், தரையில் உட்கார்ந்து கையாலேயே அழுத்தினேன்.

திரையில் அலை எழுந்தது. மெட்டு மெதுவாக மேலே ஏறி, ஏறி, சட்டென்று அறுந்து மறுபடி முதலிலிருந்து வந்தது.

"பாதில நிக்குதே. நான் ஏதாவது தப்பா…"

"இல்லம்மா. தயிர்னு கத்தினியே, அங்கதான் நிறுத்தினேன்."

லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று சேமித்தேன். இரண்டையும் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் அதே இடத்தில் நின்றது.

"சரி, இப்ப அணைச்சுக்கோ" என்றாள்.

மணி எட்டு ஐம்பத்தைந்து. சுவிட்சில் விரலை வைத்தேன், எடுத்தேன். ஒன்பதுக்குக் கரண்ட் போய், பச்சை விளக்கு தானாகவே அணைந்தது. அதற்குப் பிறகுதான் வயரைப் பிடுங்கினேன்.